ஆத்திரத்துக்கும் செயலுக்கும் நடுவே: வன்முறைக் குற்றவாளிகளின் மூளையில் செரோட்டோனின்

இரண்டு கொலைகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவதில், ஒருவர் தன் தொழில் கூட்டாளியின் காப்பீட்டுத் தொகைக்கு ஆசைப்பட்டு மூன்று மாதம் திட்டமிடுகிறார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிட்டு, மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு தானும் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதில், குடித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்குள் பேச்சு முற்றுகிறது. ஒருவர் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறார். எதிரே இருந்தவர் கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து அடித்துவிடுகிறார். பத்து நிமிடம் கழித்து, அடித்த அதே ஆள் அடிபட்டவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறார். ஆம்புலன்ஸை அழைத்தவரும் அவர்தான். இருவரும் உயிரைப் பறித்தவர்கள். ஆனால் இரண்டாமவரின் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டினால், அவர் தன்னையே காயப்படுத்திக்கொண்டதாகவோ தற்கொலைக்கு முயன்றதாகவோ ஒரு வரி இருப்பதற்கான வாய்ப்பு, முதலாமவரைக் காட்டிலும் கணிசமாக அதிகம்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாமவரைப் பற்றியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அது பாதிதான் சரி என்பது என் எண்ணம். பாட்டிலை எடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு அவரிடம், இப்படி ஒருவரை அடிக்கலாமா என்று கேட்டிருந்தால் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார். அடித்த ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். நல்லது கெட்டது தெரியாதவர் அல்லர் அவர். அவரிடம் இல்லாமல் போனது, அந்த அறிவு கையை எட்டுவதற்குத் தேவையான இரண்டு மூன்று விநாடிகள். ஆத்திரம் எழுவதற்கும் கை எழுவதற்கும் நடுவே பெரும்பாலோரிடம் தானாகவே விழும் அந்த இடைவெளி, சிலரிடம் ஏன் அவ்வளவு குறுகிவிடுகிறது என்ற கேள்விக்கு மூளை வேதியியல் சுமார் ஐம்பது ஆண்டுகளாக விடை தேடிவருகிறது. அந்தத் தேடலில் மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக அடிபட்ட பெயர், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்றான செரோட்டோனின்.

அந்தப் பெயர் மூளையோடு ஒட்டியது மிகத் தாமதமாகத்தான். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும், ரத்தம் உறைந்தபின் எஞ்சும் நீரான சீரத்தில், ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருங்கவைக்கும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதனால்தான் சீரமும் இறுக்கமும் சேர்ந்த பெயர். அதற்கு முன்பே இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடலிலிருந்து எடுத்து வேறொரு பெயர் வைத்திருந்த பொருளும் இதுவேதான் என்று பின்னால் தெரிந்தது. மூளையிலும் இது இருக்கிறது என்று 1953-இல் கண்டவர் பெட்டி ட்வாரோக். இன்றைக்கும் உடலிலுள்ள செரோட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. குடலில் இருப்பது மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மூலப்பொருள் உணவுப் புரதத்திலிருந்து வரும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்.

தயாரிக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டி, ராஃபே எனப்படும் சிறு கூட்டங்களாக இருக்கின்றன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு என்றால், அவற்றுள் செரோட்டோனினைச் சுரப்பவை சில லட்சம் மட்டுமே. ஆனால் அந்தச் சில லட்சத்தின் இழைகள் மூளையின் ஏறத்தாழ எல்லா மூலைகளுக்கும் செல்கின்றன. இவ்வளவு குறைந்த எண்ணிக்கை இவ்வளவு பரந்த இடத்துக்குச் செல்வதிலிருந்தே இதன் வேலை என்ன மாதிரியானது என்று ஊகிக்கலாம்: குறிப்பிட்ட ஒரு செய்தியைக் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை அல்ல. மற்ற நரம்புகள் பாடும் பாட்டுக்கு அது சுருதி கூட்டுகிறது, அவ்வளவே. ஆகவே செரோட்டோனின் மகிழ்ச்சியின் ரசாயனம், இதைப் போன்ற இன்னொரு மூளை வேதிப்பொருளான டோபமின் ஆசையின் ரசாயனம் என்று பிரித்துச் சொல்லும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. இதைப் படிக்கும்போது அது குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையில் செரோட்டோனின் எவ்வளவு புழங்குகிறது என்று எப்படி அளப்பது? வேலை முடிந்த செரோட்டோனினில் ஒரு பகுதியை நரம்பணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மீதியை மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ என்னும் நொதி சிதைக்கிறது. சிதைந்தபின் கிடைக்கும் கழிவுக்கு 5-எச்.ஐ.ஏ.ஏ. என்று பெயர். அந்தக் கழிவு, மூளையையும் முதுகுத் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரில் கலந்து மெல்ல வெளியேறுகிறது. அடுப்பில் எவ்வளவு விறகு எரிந்தது என்பதைப் பார்க்க முடியாதவர் சாம்பலை அளந்து கணக்கிடுவதைப் போல, ஆய்வாளர்கள் இந்தக் கழிவை அளக்கிறார்கள். காலையில், இரவு முழுக்க உணவு இல்லாமல் படுத்திருந்தவரைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கச் சொல்லி, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்துவார்கள். நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கும். சில தேக்கரண்டி அளவு சேர்ந்ததும் உடனே உறையவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதில் ஒரு வேடிக்கையான சிக்கலும் உண்டு: உயரமானவரிடம் அந்த நீர் மூளையிலிருந்து இடுப்புக்கு வர நெடுந்தூரம் ஆவதால், வழியிலேயே கழிவு ரத்தத்துக்குள் போய்விட, அவருடைய அளவு குறைவாகக் காட்டும். உயரத்தைக் கணக்கில் சேர்க்காத ஆய்வு, நெட்டையானவர்களை எல்லாம் ஆத்திரக்காரர்களாக்கிவிடும்.

இந்தச் சாம்பலைக் குறித்த முதல் முக்கியமான செய்தி வன்முறைக் குற்றவாளிகளிடமிருந்து வரவில்லை. 1976-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மாரி ஆஸ்பெர்கும் அவர் குழுவினரும், மனச்சோர்வு நோயாளிகள் 68 பேரின் தண்டுவட நீரை அளந்து வெளியிட்டார்கள். கழிவின் அளவு குறைந்திருந்தவர்களிடையே தற்கொலை முயற்சி அதிகமாக இருந்தது. அந்த முயற்சிகள் கடுமையான வழிகளிலும் இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகளில், மனச்சோர்வே இல்லாமல் தற்கொலைக்கு முயன்றவர்களிடமும் இதே குறைவு தென்பட்டது. அளக்கப்படுவது சோகத்தின் ஆழம் அல்ல, வேறு ஏதோ ஒன்று என்ற ஐயம் அங்கே தொடங்கியது. 1979-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் ஜெரால்டு பிரௌனும் ஃபிரெடரிக் குட்வினும் வேறு முனையிலிருந்து வந்தார்கள். ஆளுமைக் கோளாறுள்ள 26 ராணுவத்தினரை ஆராய்ந்தபோது, சிறுவயது முதல் அடிதடி, சண்டை என்று வரலாறு நீண்டவர்களிடம் கழிவு குறைவாக இருந்தது. ஒரு பக்கம் தன்னைத் தாக்கிக்கொள்பவர், மறுபக்கம் பிறரைத் தாக்குபவர். இருவரிடமும் ஒரே குறைவு.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பின்லாந்தில்தான் கிடைத்தார்கள். அங்கே கடுமையான வன்முறைக் குற்றம் செய்தவர்களை நீதிமன்றம் மனநலப் பரிசோதனைக்கு அனுப்புவது உண்டு. பரிசோதனை ஒரு மணி நேரப் பேட்டியாக முடிந்துவிடாமல், மருத்துவமனையில் பல வாரங்கள் தங்கவைத்து நடக்கும். மூளை வேதியியலை அளக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது, ஏனெனில் அந்த வாரங்களில் குடி முழுமையாக உடலைவிட்டு இறங்கிவிடுகிறது. ஹெல்சிங்கியின் மட்டி விர்குனனும், அமெரிக்காவில் பணியாற்றிய பின்லாந்துக்காரரான மார்க்கு லின்னோய்லாவும், கொலை அல்லது கொலை முயற்சியில் ஈடுபட்ட 36 பேரின் தண்டுவட நீரை அளந்து 1983-இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், குற்றவாளிகளைக் குற்றமற்றவர்களோடு ஒப்பிடுவதோடு நில்லாமல், குற்றவாளிகளையே இரண்டாகப் பிரித்தது: திட்டமிட்டுச் செய்தவர்கள் ஒருபுறம், திட்டமோ ஆதாயமோ இல்லாமல் அந்தக் கணத்தின் உந்துதலில் செய்தவர்கள் மறுபுறம். கழிவு குறைந்திருந்தது இரண்டாம் கூட்டத்தில். அந்தக் கூட்டத்துக்குள்ளும் மிகக் குறைந்த அளவு யாரிடம் இருந்தது என்றால், தற்கொலைக்கும் முயன்றிருந்தவர்களிடம்.

அந்த முடிவை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். செரோட்டோனின் குறைவு வன்முறையின் அடையாளம் என்றால் திட்டமிட்டுக் கொன்றவரிடமும் அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அது தற்கொலையின் அடையாளம் என்றால் பிறரைத் தாக்குகிறவரிடம் தெரியக் காரணம் இல்லை, தெரிகிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது இலக்கு அல்ல, வேகம். அதை உறுதிப்படுத்துவது போல, அதே குழு 1987-இல் தீ வைப்பவர்களை ஆராய்ந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகவோ பழிவாங்கவோ அல்லாமல், ஏதோ ஓர் உந்துதலில் கட்டடங்களுக்குத் தீ வைத்த 20 ஆண்கள் அவர்கள். மனிதர்களைத் தாக்கிய வரலாறு அவர்களுக்குப் பெரிதாக இல்லாவிட்டாலும் அவர்களிடமும் கழிவு குறைவாகவே இருந்தது. சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துச் சில மணி நேரம் ரத்தத்தைச் சோதித்தபோது, இத்தகையவர்களிடம் ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே விழும் போக்கும் தென்பட்டது. விடுதலையான 58 பேரைச் சராசரியாக மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வன்முறைக் குற்றமோ தீவைப்போ செய்த 13 பேரிடம், செரோட்டோனின் கழிவும் சர்க்கரையின் அந்த அடிமட்டமும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

சிறையில் இருப்பவர்களின் வாழ்க்கையில் குடி, வறுமை, அடிபட்ட குழந்தைப்பருவம் என்று நூறு காரணங்கள் பின்னிக் கிடக்கும். அவை எதுவும் இல்லாத இடத்தில் இந்தத் தொடர்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் விலங்குகளிடம்தான் போக வேண்டும். தென் கரோலினாவின் கடலோரத்தில் மார்கன் தீவு என்று ஒன்று உண்டு. அங்கே மனிதக் குடியிருப்பு இல்லை, ஆயிரக்கணக்கான ரீசஸ் குரங்குகள் தம் போக்கில் வாழ்கின்றன. ஜே டீ ஹிக்லியும் அவருடைய கூட்டாளிகளும் அங்கிருந்த இளம் ஆண் குரங்குகளைப் பிடித்துத் தண்டுவட நீரை எடுத்துவிட்டு மீண்டும் காட்டிலேயே விட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் பின்தொடர்ந்து கவனித்தார்கள். கழிவு குறைந்த குரங்குகள் மரம் விட்டு மரம் தாவும்போது, உயரத்தில், தவறினால் உயிர் போகும் நீண்ட தாவல்களை மற்றவற்றைவிட அதிகமாகத் தேர்ந்தெடுத்தன. சண்டையில் கிடைத்த விஷயம் இன்னும் நுட்பமானது. முறைப்பது, பல்லைக் காட்டுவது, இடத்தைவிட்டு விரட்டுவது போன்ற அன்றாடச் சச்சரவுகளில் இவற்றுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடில்லை. ஆனால் சச்சரவு தொடங்கியபின் அதை முறைப்போடு நிறுத்திக்கொள்ளாமல், துரத்திப்போய்க் கடித்துக் குதறும் வரை கொண்டுபோனவை இவைதாம். மற்றொன்று சண்டையை முடித்துக்கொள்ளும் இடத்தில் இவற்றுக்கு முடிக்கத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகளில், கழிவு மிகக் குறைந்த பிரிவிலிருந்த குரங்குகளில் ஏறத்தாழ பாதி இறந்துபோயின அல்லது காணாமல் போயின. மிக அதிகமாக இருந்த பிரிவில் ஒன்றுகூட இறக்கவில்லை. தன்னை அழித்துக்கொள்ளும் எண்ணம் என்று ஒன்று குரங்குக்கு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அதன் வாழ்க்கை பிறருக்கு ஆபத்து, தனக்கும் ஆபத்து என்ற அதே இரட்டைத் தடத்தில்தான் ஓடியது.

அப்படியானால் செரோட்டோனின் அந்த இடைவெளியில் என்னதான் செய்கிறது? 2014-இல் ஜப்பானின் ஒக்கினாவாவில் நடந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. எலி ஒரு துளைக்குள் மூக்கை நுழைத்து அசையாமல் காத்திருந்தால் உணவுக் குளிகை விழும். நேரம் ஆக ஆக எலி சலித்துப்போய் மூக்கை எடுத்துவிடும். ஒளிபட்டால் தூண்டப்படும்படி மரபணு முறையில் மாற்றப்பட்ட செரோட்டோனின் நரம்பணுக்களைக் காத்திருக்கும் நேரத்தில் ஒளியால் தூண்டியபோது, அதே எலி கூடுதல் நேரம் காத்திருந்தது. எலியை அது சாதுவாக்கியதா, மகிழ்ச்சியாக்கியதா என்பதெல்லாம் வேறு விஷயம். பொறுத்திருக்க வைத்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

மனிதரிடம் இதன் மறுபக்கத்தைச் சோதிக்கலாம். டிரிப்டோஃபான் மட்டும் இல்லாத அமினோ அமிலக் கலவையைக் குடிக்கக் கொடுத்தால் சில மணி நேரத்துக்கு மூளையில் செரோட்டோனின் தயாரிப்பு குறையும். 2008-இல் கேம்பிரிட்ஜில் மோலி கிராக்கெட்டும் அவர் குழுவினரும் அப்படிக் குடித்தவர்களிடம் ஒரு பங்கீட்டு விளையாட்டை ஆடவைத்தார்கள். ஒருவர் பணத்தை இருவருக்கும் பங்கிடுவார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பணம் உண்டு, மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. அநியாயமான பங்கு நீட்டப்பட்டபோது, செரோட்டோனின் குறைந்திருந்தவர்கள் கூடுதலாக மறுத்தார்கள். தனக்கு நட்டமானாலும் பரவாயில்லை, அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்ற மனநிலை. பாட்டிலை எடுத்தவரின் கோபத்தோடு ஒப்பிட்டால் இது மிக மெல்லியது. ஆனால் சாயல் ஒன்றே. பிறரைத் தண்டிக்கும் ஆவலில் தன்னுடைய கைப்பொருளையும் சேர்த்தே இழக்க ஒப்புக்கொள்ளும் செயல் அது.

மூளையின் வரைபடத்தில் இதை வைத்துப் பார்ப்பதும் உதவும். அச்சுறுத்தலோ அவமானமோ எதிரே வந்தால் முதலில் விழித்துக்கொள்வது, காதுக்கு மேலே உள்ளாக, பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா. அது எழுப்பும் அலறலை எடைபோட்டு, பொறு என்றோ செய் என்றோ சொல்வது நெற்றிக்குப் பின்னாலும் கண்குழிக்கு மேலேயும் உள்ள முன்மூளைப் பகுதி. இந்த இரண்டுக்கும் இடையிலான போக்குவரத்தில் செரோட்டோனினுக்குப் பங்குண்டு. டிரிப்டோஃபானைக் குறைத்துவிட்டுக் கோபமான முகங்களைக் காட்டினால், இவ்விரண்டு பகுதிகளும் ஒத்திசைந்து செயல்படுவது தளர்கிறது. 1997-இல் ஏட்ரியன் ரெய்ன் என்ற ஆய்வாளர் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 41 பேரின் மூளையைப் படமெடுத்து, முன்மூளை சர்க்கரையைச் செலவிடும் அளவு மற்ற 41 பேரைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டினார். அந்தக் கொலையாளிகளை அடுத்த ஆண்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, குறைவு தெரிந்தது ஆத்திரத்தில் கொன்றவர்களிடம். திட்டமிட்டுக் கொன்றவர்களின் முன்மூளை ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. பின்லாந்தில் ஊசி சொன்னதையே இங்கே படமும் சொன்னது.

டோபமினுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. உந்துதலின் விசையில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்கு, டோபமின் வழியாக வேலை செய்யும் மருந்துகள்தாம் பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றன. அந்தக் கோளாறுள்ள 25,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு சுவீடனில் 2012-இல் வெளியான ஆய்வில், அவர்கள் மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் குற்றத் தீர்ப்புகள், எடுக்காத காலங்களைவிட ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைந்திருந்தன. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

மதுவை மட்டும் அப்படித் தள்ளிவைக்க முடியாது. முதல் பத்தியில் நான்கு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியது தற்செயல் அல்ல. குடித்த சில மணி நேரத்தில், ரத்தத்திலிருந்து மூளைக்குக் கிடைக்கும் டிரிப்டோஃபானின் அளவு குறைகிறது. முன்மூளையின் பிடி தளர்கிறது. கவனம் சுருங்கி, எதிரே உள்ள அவமானம் மட்டும் பெரிதாகவும் நாளைய விளைவு சிறிதாகவும் தெரிகிறது. ஏற்கெனவே இடைவெளி குறுகியிருப்பவரிடம் மது அந்த மிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது. 2010-இல் பின்லாந்தின் வன்முறைக் குற்றவாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், செரோட்டோனினை ஏற்கும் புரதங்களில் ஒன்றின் தயாரிப்பை நிறுத்திவிடும் பிழை ஒன்றைக் கண்டார்கள். அது பின்லாந்து மக்களிடம் மட்டுமே கண்டறியப்பட்டது. குற்றவாளிகளிடம் அது ஒப்பீட்டுக் குழுவைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அந்தப் பிழையோடு குற்றம் செய்தவர்கள், பெரும்பாலும் குடிபோதையில்தான் செய்திருந்தார்கள். ஆனால் அந்த நாட்டில் இதே பிழையைச் சுமந்துகொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கைநீட்டி அடித்தவர்கள் அல்லர்.

மரபணு என்ற சொல் வந்ததும் வாசகர் மனம் விதி என்ற சொல்லைத் தேடிப் போகும். அதைத் தடுக்க ஒரு குடும்பக் கதை உதவும். 1978-இல் நெதர்லாந்தில் ஒரு பெண், தன் குடும்பத்து ஆண்கள் பலர் மூர்க்கமாக நடந்துகொள்வதற்குப் பரம்பரைக் காரணம் இருக்குமா என்று கேட்டு மருத்துவர்களிடம் வந்தார். 1993-இல் ஹான் புருன்னர் என்ற மரபியலாளர் விடை சொன்னார்: செரோட்டோனினைச் சிதைக்கும் அந்த மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ நொதியே அந்த ஆண்களிடம் இல்லை. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்கள் மட்டும் பாதிக்கப்பட்டார்கள். இங்கேதான் நம் அடுப்புச் சாம்பல் கணக்கு நம்மையே மடக்குகிறது. சாம்பல் குறைவு என்றால் விறகு குறைவு என்று இதுவரை எடுத்துக்கொண்டோம். இந்த ஆண்களிடமோ விறகு குவிந்து கிடக்கிறது, எரிக்க நெருப்பில்லை, ஆகவே சாம்பலும் இல்லை. செரோட்டோனின் குறைந்தாலும் மூர்க்கம், மிகுந்தாலும் மூர்க்கமா? ஒரு விளக்கம், மூளை வளரும் பருவத்திலேயே செரோட்டோனின் அளவு பிசகினால், முன்மூளைக்கும் அமிக்டலாவுக்குமான இணைப்புகளே வேறுவிதமாக உருவாகிவிடும் என்பது. எப்படியானாலும், குறைவு என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை அந்தக் குடும்பம் குலைத்துவிட்டது.

அந்த நொதி முற்றிலும் இல்லாமல் போவது மிக மிக அரிது. ஆனால் அதன் செயல்திறன் குறைவாக உள்ள மரபணு வடிவம் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் சாதாரணமாகவே காணப்படுகிறது. நியூசிலாந்தின் டியூனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை வளர்ந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த ஆய்வில், அந்த வடிவம் மட்டும் ஒருவரை வன்முறைக்குத் தள்ளவில்லை என்று 2002-இல் தெரியவந்தது. குழந்தைப்பருவத்தில் கடுமையாக அடிபட்டோ கைவிடப்பட்டோ வளர்ந்தவர்களிடம்தான் அது வேலையைக் காட்டியது. அப்படி வளர்ந்தவர்களில் செயல்திறன் மிகுந்த வடிவம் உள்ளவர்கள் ஓரளவு தப்பினார்கள். குரங்குகளிடமும் இதே போல, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஒத்த வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்ந்தவற்றிடம் செரோட்டோனின் கழிவு குறைவாக இருக்கிறது. ஆகவே வேதியியல் என்றால் பிறவிக்குணம், சூழல் என்றால் வளர்ப்பு என்று எதிரெதிராக நிறுத்துவதில் பொருளில்லை. அடி வாங்கிய குழந்தைப்பருவமும் மூளைக்குள் வேதியியலாகத்தான் தங்குகிறது.

நீதிமன்றங்கள் சில இந்த நுணுக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. 2009-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், கத்தியால் குத்திக் கொன்ற ஒருவருக்கு இந்த மரபணு வடிவத்தையும் ஒரு காரணமாகக் கருதித் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. எனக்கு அது அவசரமாகவே படுகிறது. மூன்றில் ஓர் ஆணிடம் இருக்கும் ஒன்றை ஒரு குறிப்பிட்ட இரவின் ஒரு குறிப்பிட்ட செயலுக்கு விளக்கமாக வைக்க முடியாது. அதையே திருப்பிப் போட்டு, இவரிடம் இது இருப்பதால் இவர் என்றைக்கும் ஆபத்தானவர் என்று தண்டனையை நீட்டவும் அதே வாதம் இடம் கொடுக்கும்.

அவசரம் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013-இல், செரோட்டோனினுக்கும் மூர்க்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 175 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தொடர்பு குறைவு இருந்தால் மூர்க்கம் அதிகம் என்ற திசையில்தான் இருந்தது, ஆனால், முழுத் தொடர்பை 1 என்று வைத்தால், அதன் வலிமை 0.12 மட்டுமே. எளிதாகச் சொன்னால், மனிதர்களுக்குள் மூர்க்கத்தில் காணும் வேறுபாட்டில் நூற்றில் ஒன்றரைப் பங்கைக்கூட இதைக் கொண்டு விளக்க முடியாது. பின்லாந்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது இங்கே இவ்வளவு மெலிந்துபோனதற்குக் காரணங்கள் உண்டு. தொடக்கக்கால ஆய்வுகள் சிறியவை. சிறிய ஆய்வுகள் பெரிய வேறுபாடுகளைக் காட்டும்போதுதான் கவனம் பெறுகின்றன. பல ஆய்வுகள் ஆத்திரம், திட்டம் என்ற பிரிவைச் செய்யாமல், மூர்க்கம் என்ற ஒரே மூட்டையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டன. செரோட்டோனினை ஏற்கும் புரதங்களோ குறைந்தது 14 வகை. சில ஒன்றுக்கொன்று எதிராகவும் செயல்படுகின்றன. இடுப்பில் எடுத்த சில தேக்கரண்டி நீர், இவை எல்லாவற்றின் கூட்டுத் தொகையைத்தான் காட்டும்.

மருந்தால் இந்த இடைவெளியை நீட்ட முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும், சிலருக்கு மட்டும். 1976-இல் கனெக்டிகட் சிறை ஒன்றில் 66 இளம் கைதிகளை ஆராய்ந்தபோது, மனநிலையின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கக் கொடுக்கப்படும் லித்தியத்தை எடுத்துக்கொண்டவர்களிடம் வன்முறை விதிமீறல்கள், மருந்து எதுவும் இல்லாத போலி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களைவிடக் குறைந்தன. 1997-இல் எமில் கொக்காரோவும் ரிச்சர்டு கவூசியும், முன்கோபமும் அடிதடியும் மிகுந்த ஆளுமைக் கோளாறுள்ள 40 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்குச் செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஃபுளுவாக்செட்டினையும் மற்றதற்குப் போலி மாத்திரையையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் எரிச்சலும் வெடிப்பும் தணிந்தன. காப்பீட்டுக்காக மூன்று மாதம் திட்டமிட்டவருக்கு இதே மாத்திரையைக் கொடுத்துப் பயனில்லை; அவருக்கு இடைவெளி குறையவில்லை, தேவைக்கு மேலேயே இருந்தது. இம்மருந்துகளைத் தொடங்கும் நாட்களில், குறிப்பாக இளம் வயதினரிடம், தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருங்கிக் கண்காணிக்க வேண்டும் என்பதால், மருத்துவர் துணையில்லாமல் யாரும் தொடங்கவோ நிறுத்தவோ கூடியவை அல்ல அவை.

இதிலிருந்து கிடைக்கும் பயன்களில் மாத்திரையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுவதுதான். காவலில் வைக்கப்பட்ட ஒருவரை மதிப்பிடும்போது, பிறருக்கு ஆபத்தானவரா என்பது ஒரு படிவத்திலும், தனக்கே ஆபத்தானவரா என்பது வேறொரு படிவத்திலும், பல இடங்களில் வேறு வேறு ஆட்களாலும் நிரப்பப்படுகிறது. பிறரைத் தாக்கியவர் பலசாலியாகவும் முரடராகவும் தெரிவதால் இரண்டாவது படிவம் பெயருக்கு நிரப்பப்படுவதும் உண்டு. ஆனால் 1983-இன் அந்த 36 பேரில் மிகக் குறைந்த அளவு இருந்தது எவரிடம் என்பதை நினைவில் வைத்தவர் அப்படிச் செய்ய மாட்டார். காவலில் தற்கொலைகள் முதல் சில நாட்களில்தான் அதிகம் நிகழ்கின்றன. அந்த நாட்களில் போதை இறங்கிக்கொண்டிருக்கும், தூக்கம் இருக்காது, நடந்தது என்ன என்பது அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருக்கும். நேற்றிரவு பாட்டிலை எடுத்தவரின் அறையில் இன்றிரவு யாராவது அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். எதிரே அடிக்க ஆளில்லாத அறை அது.